கரண்டியும் முள்ளும் போதும்: பட்டர் ஐசிங்கில் கைவண்ணம்



சென்ற மாதம் பட்டர் கேக்கை மேலே வெடிக்காமல் பதமாக வேகவைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைச் செய்து பார்த்த பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கேக்கு நல்லா வருது அக்கா. ஐசிங் பூசினாத்தான் கடைக் கேக்கு மாதிரி வழவழன்னு வரமாட்டேங்குது. அதுக்கு சாமான் எல்லாம் வாங்கணுமா?"

வாங்கத் தேவையில்லை என்பதே என் பதில். கடைக் கேக்கின் மேற்பரப்பு கண்ணாடி போல இருக்கிறதென்றால் அதற்குக் காரணங்கள் உண்டு. சுழலும் மேடை இருக்கிறது. நீண்ட தட்டைக் கத்தி, வழிக்கும் தகடு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு மேலாக, தினமும் பத்துப் பதினைந்து கேக்குகளுக்குப் பூசிப் பழகிய கை இருக்கிறது. மாதத்தில் ஒன்றிரண்டு கேக் செய்யும் நாம் அந்த வழவழப்பை எட்டுவது கடினம். வழவழப்பாகப் பூசிய கேக்கில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஆனால் நாமே வேண்டுமென்று ஒழுங்காக வரிகளும் மடிப்புகளும் வைத்துவிட்டால், சிறு மேடு பள்ளங்கள் அந்த வேலைப்பாட்டுக்குள் மறைந்துவிடும். பார்ப்பவர்களும் கைவேலை என்று மதிப்பார்கள். இதற்கு வேண்டிய ஆயுதங்கள் எல்லாம் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. நம் நாட்டில் பிறந்தநாள் என்றால் றிபன் கேக்தான். இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை என்று அடுக்கி, நடுவில் பட்டர் ஐசிங் பூசிய அந்தக் கேக்கின் மேல் முள்ளுக்கரண்டியால் கோடு இழுத்திருப்பதை நம்மில் பலர் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறோம். அந்த ஒரு கோட்டிலிருந்து எத்தனை விதம் செய்யலாம் என்று இம்மாதம் பார்ப்போமா?

ஐசிங்கின் பதம்

எட்டு அங்குல வட்டக் கேக் ஒன்றை இரண்டாக வெட்டி, நடுவிலும் மேலும் சுற்றிலும் பூசுவதற்கான அளவு இது.

பட்டர் 250 கிராம்
ஐசிங் சீனி 500 கிராம்
காய்ச்சி ஆறவைத்த பால் 2 மேசைக்கரண்டி
வனிலா 1 தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை (உப்புப் போட்ட பட்டர் என்றால் தேவையில்லை)

ஐசிங் சீனியைக் கட்டாயம் இரண்டு தடவை அரித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கட்டி இருந்தாலும் முள்ளுக்கரண்டியில் சிக்கி, கோடு நடுவில் அறுந்துவிடும். முதலில் பட்டரை மட்டும் அடியுங்கள். மஞ்சள் நிறம் வெளுத்து, பாரம் குறைந்து, பஞ்சு போல ஆகவேண்டும். மின்சார பீட்டர் என்றால் ஐந்து நிமிடம். மரக்கரண்டியால் அடிப்பதென்றால் பதினைந்து நிமிடமாவது வேண்டும். கை வலிக்கத்தான் செய்யும், ஆனால் முடியாத காரியமல்ல. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் பீட்டர் இருந்த வீட்டிலும் கையால்தான் அடிக்க வேண்டியிருந்தது.

பிறகு சீனியை மூன்று பங்காகப் பிரித்துச் சேருங்கள். கடைசியில் வனிலாவும், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் விட்டு அடியுங்கள். பதம் பார்க்க ஒரு வழி உண்டு. கரண்டியை ஐசிங்கில் அமுக்கி மேலே தூக்குங்கள். கூர் எழும்பி நின்று, அதன் நுனி மட்டும் லேசாக வளைந்தால் அதுவே வரி போடும் பதம். கூர் முழுதாகச் சரிந்தால் இளக்கம் அதிகம். கூர் எழும்பாமல் பிய்ந்து வந்தால் இறுக்கம் அதிகம்.

பட்டர் விலைக்குக் கட்டுப்படியாகாவிட்டால் பாதி பட்டர், பாதி கேக் மாஜரீன் போடலாம். மாஜரீன் சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனால் ருசி குறையும். முழுக்க மாஜரீனில் செய்துவிட்டு பட்டர் ஐசிங் என்று சொல்லி விற்பது நேர்மையல்ல. வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

மேட்டுக்கு ஒரு பதம், பள்ளத்துக்கு ஒரு பதம்

ஒரே அளவில் செய்தும் ஒருத்திக்கு ஐசிங் கல்லாகவும், இன்னொருத்திக்குக் கூழாகவும் போவதற்குக் காரணம் நாம் இருக்கும் உயரந்தான். கொத்மலை நீர்த்தேக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாக ஏறிப்போனால் நுவரெலியா நகரம் சுமார் 1,870 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் குளிர் கூடும். ஆகவே நீர்த்தேக்கத்தின் கரையில் இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் ஏழு பாகை வரை வித்தியாசம் வரும். பட்டருக்கு இது பெரிய வித்தியாசம். 18 முதல் 21 பாகை வரை பட்டர் விரல் அமுங்கும் பதத்தில் இருக்கும். 30 பாகையைத் தாண்டினால் தளர்ந்து, 35 பாகைக்குள் உருகியே விடும்.

மேலே இருப்பவர்கள் பட்டரை முதல் நாள் இரவே சிறு துண்டுகளாக வெட்டி, மூடி, அடுப்படியில் வைத்துவிடுங்கள். அடிக்கும்போது ஐசிங் இறுகித் திரிதிரியாகத் தெரிந்தால், பாத்திரத்தின் அடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பத்து விநாடி வைத்து எடுத்து மீண்டும் அடியுங்கள். பள்ளத்தில் இருப்பவர்கள் விடியற்காலையிலோ மாலை மங்கிய பிறகோ வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஐசிங் இளகினால் உடனே சீனியை அள்ளிக் கொட்டவேண்டாம். தித்திப்புக் கூடி வாயில் வைக்க முடியாமல் போகும், செலவும் கூடும். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடித்தாலே இறுகி வரும். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிப்பூச்சை மறக்கவேண்டாம்

கேக் துகள்கள் ஐசிங்கில் கலந்து மேலே வருவதுதான் பலருடைய முறைப்பாடு. கேக் நன்றாக ஆறியிருக்கவேண்டும். செய்த அன்றே பூசாமல் மறுநாள் பூசுவது நல்லது. ஐசிங்கில் கால்வாசியை வேறு பாத்திரத்தில் எடுத்து, கேக் தெரியும் அளவுக்கு மெல்லியதாக முதலில் ஒரு பூச்சு பூசுங்கள். துகள்கள் எல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம், அது இல்லாதவர்கள் குளிர்ந்த இடத்தில் மூடி வைத்து ஒரு மணித்தியாலம் இறுகவிடுங்கள். பின்னர் மிகுதி ஐசிங்கை அரைச் சென்ரிமீற்றர் கனத்துக்குப் பூசுங்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் முள் கேக்கில் போய் இடிக்கும். துகள் படிந்த கரண்டியை மற்றப் பாத்திரத்தில் போடாதீர்கள்.

சுழலும் மேடைக்குப் பதிலாக ஓர் அகலமான சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் தட்டை வையுங்கள். இடது கையால் தட்டை மெதுவாகத் திருப்ப, வலது கை வேலை செய்யட்டும். இனி வேலைப்பாடுகளுக்கு வருவோம்.

1. கரண்டி முதுகு

ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் மிக இலகு. மேசைக்கரண்டியின் முதுகை ஐசிங்கில் வைத்து, அரைவட்டமாக ஒரு சுழிப்புச் சுழித்து எடுங்கள். அதன் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. மேற்பரப்பு முழுவதும் மேகக் கூட்டம் போல வரும். சுழிக்காமல் நேரே தூக்கி எடுத்தால் கூர் கூராக நிற்கும். நத்தார் கேக்குக்கு இது பனி படிந்த மாதிரி இருக்கும்.

2. முள்ளுக்கரண்டி வரி

முள்ளுக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, நேராக இழுத்தால் கோடு. கையை மேலும் கீழும் அசைத்து இழுத்தால் அலை. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு முள்ளைத் துணியில் துடைக்கவேண்டும். இதைச் செய்யாவிட்டால் பழைய ஐசிங் திரண்டு அடுத்த கோட்டைக் கெடுக்கும்.

3. கூடைப் பின்னல்

இதுவும் அதே முள்ளுக்கரண்டிதான். ஓர் அங்குல நீளத்துக்குக் குறுக்காக ஓர் இழுப்பு. அதன் பக்கத்தில் நெடுக்காக ஓர் இழுப்பு. அடுத்த வரிசையில் குறுக்குக்குக் கீழே நெடுக்கு, நெடுக்குக்குக் கீழே குறுக்கு என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். கேக்கின் பக்கவாட்டில் இதைச் செய்தால் கொழுந்துக் கூடையின் பின்னல் போலவே தெரியும். கொக்கோத் தூள் கலந்த ஐசிங்கில் இன்னும் எடுப்பாக இருக்கும்.

4. சீப்பு வரி

கேக்கின் பக்கவாட்டில் சுற்றி ஓடும் வரிகளுக்குக் கடையில் ஐசிங் சீப்பு விற்கிறார்கள். நாமே செய்யலாம். ஐஸ்கிறீம் டப்பாவின் கெட்டியான மூடியைக் கழுவிக் காயவைத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அதன் நேரான ஓரத்தில் அரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் கத்தரிக்கோலால் பற்கள் வெட்டினால் சீப்பு தயார். அதைக் கேக்கின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கையை அசைக்காமல் தட்டை மட்டும் ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள்.

5. சுழல்

கரண்டி நுனியை மேற்பரப்பின் நடுவில் லேசாக அமுக்கி, தட்டைத் திருப்பிக்கொண்டே கரண்டியை ஓரத்தை நோக்கி நகர்த்துங்கள். நத்தை ஓடு போல ஒரு சுழல் விழும். ஒரு நிமிட வேலைதான்.

6. இதழ்

சுத்தமான கெட்டிப் பொலித்தீன் பையில் ஐசிங்கை நிரப்பி, மூலையைச் சிறிதாக வெட்டுங்கள். கேக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வரிசைப் பொட்டுகள் வையுங்கள். தேக்கரண்டியின் முதுகை ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் அமுக்கி வலப்பக்கம் இழுத்துவிடுங்கள். அந்த வால் முடியும் இடத்தில் அடுத்த வரிசைப் பொட்டுகள். இப்படியே சுற்றி வந்தால் இதழ் மேல் இதழாகப் படியும். ஒரே நிறத்தை மேலே கடுமையாகவும் கீழே போகப்போக வெளிறலாகவும் வைத்தால் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

7. இரண்டு இலையும் ஒரு மொட்டும்

நம் ஊர் அடையாளத்தை நம் கேக்கில் வைக்காமல் வேறு யார் வைப்பது? பச்சை ஐசிங்கைப் பையில் நிரப்பி, மூலையை விரலால் தட்டையாக அமுக்குங்கள். இரு பக்கமும் சாய்வாக வெட்டி, அம்பு முனை போல ஆக்குங்கள். பையை அமுக்கும்போது அகலமாக வந்து, அமுக்குவதை விட்டு இழுக்கும்போது கூராக முடியும். நடுவில் நரம்பும் தானாகவே விழும். இரண்டு இலைகளை எதிரெதிராக வைத்து, நடுவில் கூரான ஒரு சிறு மொட்டு வைத்துவிடுங்கள். ஓய்வு பெற்றுப் போகும் ஓர் அம்மாவுக்கோ, தோட்டப் பாடசாலை விழாவுக்கோ இதைவிடப் பொருத்தமான கேக் வேறில்லை.

8. தேத்தண்ணி வடி

புதிய தேத்தண்ணி வடி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பச்சை ஐசிங்கை அதன் உள்ளே வைத்துக் கரண்டியால் அமுக்கினால், மறுபக்கம் நூல் நூலாக வரும். அதைக் கத்தி நுனியால் வழித்துக் கேக்கில் வைத்தால் புல்தரை. மஞ்சள் நிறத்தில் செய்தால் கோழிக்குஞ்சின் ரோமம். சிறு பிள்ளைகளின் கேக்குக்கு இது நன்றாகப் பொருந்தும்.

இவை தவிர, பிரான்ஸ் நாட்டவர் நத்தாருக்குச் செய்யும் மரக்கட்டைக் கேக்கும் முள்ளுக்கரண்டி வேலைதான். சுருட்டிய கேக்கின் மேல் சொக்லேற் ஐசிங் பூசி, முள்ளால் நீளவாக்கில் கீறி மரப்பட்டை போல ஆக்குவார்கள். அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 1929 இல் கேக் அலங்காரத்துக்கென்றே வில்டன் என்பவர் வகுப்பு ஆரம்பித்தார். அவர் பெயரில் இன்று உலகம் முழுவதும் ஐசிங் சாமான்கள் விற்கிறார்கள். விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் பத்துக் கேக்குகளுக்கு மேலே சொன்னவை போதும்.

கவனிக்க வேண்டியவை

வண்டியில் போகும் கேக்குக்கு உயரக் கூர்களும் இதழ்களும் வேண்டாம். நம் பாதைகளின் வளைவுகளில் பெட்டி ஆடும்போது அவை நசுங்கிவிடும். முள் வரியும் சீப்பு வரியும் சுழலுந்தான் பத்திரம். வீட்டிலேயே வெட்டும் கேக்குக்கு எதையும் செய்யலாம்.

நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். தண்ணீர் நிறம் அதிகமானால் ஐசிங் இளகும். சிறிது நேரம் வைத்திருந்தால் நிறம் தானாகவே கொஞ்சம் கடுமையாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அழகுக்காக முற்றத்துப் பூக்களைக் கேக்கில் குத்தவேண்டாம். நம் பக்கத்தில் நீலமும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்றேஞ்சியா நச்சுள்ளது. அலரியும் ஊமத்தையும் அதைவிட மோசம். குண்டூசியால் எதையும் பொருத்தக்கூடாது. பற்குச்சி வைத்தால் எத்தனை வைத்தோம் என்று எண்ணி, வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

விற்பதற்காகச் செய்பவர்கள் கை நகத்தை வெட்டி, தலைமுடியைத் துணியால் கட்டிக்கொள்ளவேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டிலிருந்து விற்கும் உணவுக்கும் பொருந்தும். தொடங்குவதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து என்னென்ன தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைவேலைக்கும் தராசு வேண்டும்

கடைசியாக ஒரு கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் பாதிப் பிரயோசனந்தான்.

நம் பெண்கள் கேக் விலை சொல்லும்போது மா, சீனி, முட்டை, பட்டர் என்று கூட்டி, அதற்கு மேல் ஏதோ நூறு இருநூறு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை அதற்கு முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அதன் பிறகு விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, பொருட்கள் பழைய விலைக்குத் திரும்பவில்லை. பழைய கேக் விலையை நினைத்துக்கொண்டு கூச்சப்பட்டால் நட்டம் நமக்குத்தான்.

ஒரு கொப்பியை எடுத்து இப்படி எழுதுங்கள். முதலில் கேக்குக்குப் போன பொருட்கள். அடுத்து ஐசிங்குக்குப் போனவை. கூர் வைத்த கேக்குக்கும் இதழ் வைத்த கேக்குக்கும் வரி போட்டதைவிட ஐசிங் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் பூசுவதற்கு முன்பும் பின்பும் ஐசிங் பாத்திரத்தை நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் போனது என்று தெரிந்துவிடும். பிறகு எரிவாயு அல்லது விறகு, பெட்டி, அடிமட்டை, சாமான் வாங்கப் போன பஸ் காசு. இவற்றுக்குப் பிறகுதான் முக்கியமான வரி வருகிறது: உங்கள் நேரம்.

நேரத்துக்கு எப்படி விலை போடுவது என்று கேட்பீர்கள். இப்போது உங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் சம்பளத்தை எட்டால் பிரியுங்கள். அது ஒரு மணித்தியாலத்தின் கூலி. கேக் அடித்ததிலிருந்து பாத்திரம் கழுவி முடித்தது வரை எத்தனை மணித்தியாலம் என்று பார்த்துப் பெருக்கிச் சேருங்கள். இது மிகக் குறைந்த கணக்கு. இதற்குக் கீழே விற்றால் நீங்கள் கூலியில்லாமல் வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மலையில் பறிக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்தும் தராசில் ஏறுகிறது. ஒரு கிலோ குறைத்துப் போட்டாலும் நாம் சும்மா விடுவதில்லை. வீட்டில் இரவு பதினொரு மணி வரை நின்று அடித்த ஐசிங்குக்கு மட்டும் ஏன் தராசு இல்லை?

"இதுக்கு இவ்வளவா?" என்று யாராவது கேட்டால் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். பேரம் பேசுபவர்களுக்கு விலையைக் குறைக்காமல் வேலைப்பாட்டை மாற்றிக் கொடுக்கலாம். இதழ் கேக்கின் விலை கூடுதலாகத் தெரிந்தால் முள்வரிக் கேக் குறைந்த விலைக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைப்பாட்டுக்கும் ஒரு விலை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் முகம் பார்த்து விலை சொல்லும் சங்கடமும் வராது.

பழகுவதற்கு ஒவ்வொரு முறையும் கேக் வேண்டியதில்லை. கவிழ்த்த தட்டின் அடியில் ஐசிங்கைப் பூசி, வரி போட்டுப் பாருங்கள். சரியில்லாவிட்டால் வழித்தெடுத்து மீண்டும் பூசுங்கள். ஒரு கோப்பை ஐசிங்கில் இருபது தடவை பழகலாம். கை படிந்த பிறகு அதையே பிள்ளைகளுக்கு பிஸ்கட்டின் நடுவில் வைத்துக் கொடுத்துவிடலாம், வீணாகாது.

அடுத்த மாதம் அவன் இல்லாதவர்கள் அடுப்பில் சட்டி வைத்துக் கேக் செய்யும் முறையை எழுதுகிறேன். அதற்குள் மேலே சொன்ன எட்டில் ஏதாவது இரண்டைப் பழகிவிடுங்கள். அதுவரை விடைபெறுகிறேன், சகோதரிகளே.